பெங்களூரில் ஒரு படகோடு பதினொரு கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் படங்கள் கிடையாது. ஏரியின் பெயரும் கிடையாது, ஆட்களின் பெயர்களும் மாற்றியவை. வழக்கமாக நான் வழித்தட வரைபடம் வரைக்கும் போடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை போட முடியாது, அதற்குக் காரணமும் நான்தான். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் படகு பழுது பார்க்கும் இடங்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்த வாசகர் ஒருவர், பெங்களூரிலும் ஒன்று இருக்கிறது, ஏரிக்கரையில் பலகை பார்த்தேன், போய் எழுதுங்கள் என்றார். ஓடுகிற ஆறே இல்லாத ஊரில் படகுப் பட்டறையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த ஊர் ஏரிகளில் உல்லாசப் படகுகள் இருக்கின்றன, ஆகாயத்தாமரை அள்ளும் கான்ட்ராக்ட் படகுகள் இருக்கின்றன. படகு என்று ஒன்று ஓடினால் அடி தேயும், விரிசல் விடும், மோட்டார் மக்கர் பண்ணும். எங்கேயோ கொண்டுபோய்ச் சரிசெய்துதானே ஆக வேண்டும். போன சனிக்கிழமை கிளம்பினேன்.

லிங்கராஜபுரத்தில் வீட்டை விட்டு இறங்கியது காலை 6.10. மாநகரப் பேருந்தில் இருபது ரூபாய், இறங்கிய இடத்திலிருந்து ஆட்டோவுக்குத் தொண்ணூறு. மீட்டர் போடச் சொன்னதற்கு டிரைவர் என்னைப் பார்த்த பார்வையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏரி வாசலில் நிற்கும்போது மணி 7.05.

வாசகர் சொன்னது பொய்யில்லை. நடைபாதையை ஒட்டி, ஏரியின் தெற்கு மூலையில் பெரிய தகரக் கொட்டகை. முகப்பில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படகு பராமரிப்பு நிலையம் என்று பலகை. கொட்டகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சரிவு, அதன் மேல் இரண்டு தண்டவாளம், படகை ஏற்றி இழுக்கச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, இழுவைக்கு ஒரு வின்ச். கொச்சியில்கூடச் சிறிய பட்டறைகளில் இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்ததில்லை. எல்லாம் புத்தம் புதுசு, வின்ச்சைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கவில்லை. கதவில் பூட்டு.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டி வைத்த யோகா பாய்கள், ஒரு விழா மேடையின் துண்டுகள். படகு ஒன்றுகூட இல்லை.

படகு வெளியே இருந்தது. வாசலுக்கு அந்தப்பக்கம், சாலையில், ஒரு 407 மினி லாரியின் முதுகில்! பதினான்கு அடி ஃபைபர் படகு, பாதி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள் குமாரும் அவன் மனைவி தேவியும். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள், ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுகிற வேலை. படகின் அடியில் ஒன்றரை அடி நீளத்துக்கு விரிசல். பத்தடி தள்ளிப் பட்டறை இருக்கிறதே, இதை ஏன் வண்டியில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

தேவிதான் பதில் சொன்னாள். கொட்டகையைக் கட்டியது ஒரு இலாகா. தண்ணீர் இன்னொரு இலாகா. கட்டியவர்கள் தண்ணீர்க்காரர்களிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை, சாவி கட்டியவர்களிடம். திறப்பு விழா நடந்தது, மேடை போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அன்றைக்குப் பூட்டியதுதான்.

குமாரின் இடது முழங்காலுக்குக் கீழே கட்டு. படகு ஒழுக ஆரம்பித்த பிறகு இறங்கி நின்று அள்ளியிருக்கிறான். தண்ணீருக்கடியில் பாட்டில் துண்டு கிழித்து ஆறு தையல். அந்தத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டாம், பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். தையல் பிரிக்கிற வரை தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பிக்க வேண்டும், படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். ஆக, இரண்டு நாளில் படகு சரியாகி ஏரிக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அந்தக் காலோடு குமார் இறங்க வேண்டும்.

படகைச் சரிசெய்யப் போகிற இடம் ஜீவனஹள்ளி என்றார்கள். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். படகு பார்க்க நான் பதினொரு கிலோமீட்டர் வந்தால், படகு என் தெருவுக்குப் போகிறது. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கிளம்பியது 7.50. பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஒரு கேபிள் வயரைத் தூக்கிப் பிடிக்கக் குமார் படகுக்குள் ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஒரு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, இது என்ன, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று கேட்டார். டிரைவர் பாஷா பாய், ரிப்பேருக்கு என்றார். ஏரியிலேயே ரிப்பேர் ஷெட் இருக்கிறதே, நான்தான் திறப்பு விழாவுக்குப் பந்தோபஸ்து நின்றேன் என்றார் காவலர். அப்புறம் அவரே போகச் சொல்லிவிட்டார்.

படகைச் சரிசெய்யப்போகிற ஸ்டீபன் அண்ணனின் பட்டறை ஜீவனஹள்ளியில் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. படகு அவருக்கு எப்போதாவது வருவதுதான். அன்றாடப் பிழைப்பு தண்ணீர்த் தொட்டி, பூங்காச் சறுக்குமரம், பென்குயின் வடிவக் குப்பைத் தொட்டி. அந்தப் பென்குயின்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றை நகர்த்தி இடம் பண்ணிப் படகைக் கவிழ்த்தார்கள். விரிசலைச் சுற்றி கிரைண்டரால் தேய்த்து, ஈரம் போக ஃபேன் வைத்து, மதியத்துக்கு மேல் ஃபைபர் இழைத் துணியை ஒவ்வொரு அடுக்காக ரெசின் பசை பூசி ஒட்டினார். வாடை மண்டையைப் பிளந்தது. பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் எடுத்துப் போங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடி போனேன். ஸ்டீபன் அண்ணன் படகை நிமிர்த்தி இரண்டு முக்காலியில் உட்காரவைத்து, அதற்குள் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் படகை விட்டுப் பார்க்க இங்கே ஏது ஏரி, அதனால் படகுக்குள் தண்ணீரை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாம். ஒரு மணி நேரம் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துக் காத்திருந்தோம். தாளில் ஒரு சொட்டு ஈரமில்லை. தேவி குனிந்து, தாளைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மதியம் 2.40க்கு ஏரி வாசல். அங்கேதான் அடுத்த கூத்து. சனிக்கிழமை நாங்கள் போன பிறகு, இருசக்கர வண்டிகள் நுழையாமலிருக்க வாசலில் வளைந்து வளைந்து போகிற இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆள் புகலாம். பதினான்கு அடிப் படகு எப்படி வளையும்? சிமெண்ட்டே இன்னும் காயவில்லை. வண்டி போகிற பெரிய கேட்டுக்குச் சாவி எங்கே என்றால், அது வேலிக்காரர்களிடம். மூன்றாவது இலாகா! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தடுப்பைக் காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது.

யோசனை சொன்னது நான். வண்டியை வேலியை ஒட்டி நிறுத்துவோம், வேலியின் கூர்முனைகள் மேல் பழைய டயரைப் போடுவோம், படகை வண்டியிலிருந்து அப்படியே வழுக்கவிட்டு அந்தப்பக்கம் இறக்குவோம். வாசல் காவலர் பெரியவர் கன்னடத்தில், நான் டீ குடிக்கப் போகிறேன், திரும்பி வர அரை மணி ஆகும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். நடைக்கு வந்த இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். 3.25க்குப் படகு தண்ணீரில். குமார் ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டான். ஒழுகல் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் எப்படிப் பயணப் பதிவர்? படகு வேலி தாண்டுவதை நாற்பது விநாடி வீடியோ எடுத்திருந்தேன். பேருந்தில் திரும்பும்போதே, ஏரியின் பெயரோடு, பூட்டிய கொட்டகையைக் கிண்டல் செய்து இரண்டு வரியோடு போட்டுவிட்டேன். கைதட்டல் குவிந்தது. சந்தோஷமாகத் தூங்கினேன்.

திங்கள் காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு 7.15க்குப் போனேன், படகு வேலை செய்வதைப் பார்க்க. கொட்டகை திறந்திருந்தது. உள்ளே, யோகா பாய்களுக்குப் பக்கத்தில், படகு. முன்பக்க வளையத்தில் சங்கிலி. வாசலில் வேறு காவலர், பழையவரை வேறு ஏரிக்கு மாற்றிவிட்டார்களாம். ஏரி மேற்பார்வையாளர் தன் ஃபோனில் என் வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினார்.

"வேலி தாண்டி வந்த பொருளைப் பிடிச்சு வைக்கணும், அதான் ரூல் சார். எனக்கென்ன கனவா வந்துச்சு, நீங்கதானே போட்டீங்க. வேலை ஒண்ணும் நிக்கலையே, நடந்துட்டுத்தானே இருக்கு."

ஏரியைத் திரும்பிப் பார்த்தேன். குமார் மார்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தான். கட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்ததாகத் தேவி சொன்னாள்.

வீடியோவை அழித்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் கடிதம் செல்லாதாம், கான்ட்ராக்டர்தான் எழுதித் தர வேண்டுமாம். கான்ட்ராக்டருக்கு ஃபோன் செய்தால் பார்க்கலாம் என்கிறார். ஆள் இறங்கி அள்ளும்போது அவருக்கென்ன அவசரம். கொட்டகைக்குச் சாவி இல்லை என்றவர்கள் படகைச் சிறைவைக்க மட்டும் ஒரே இரவில் சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்தப் பதிவு போதாது. என் மேல் இருக்கிற கோபம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

போக விரும்புகிறவர்களுக்கு: உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கே போங்கள், பேருந்துச் செலவுகூட வேண்டாம். காலை ஏழரைக்குள் போனால் வேலை செய்கிறவர்களைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் ஆள் நின்றால் ஃபோனை வெளியே எடுக்காதீர்கள். வாசலுக்குப் போய், படகு எங்கே என்று கேளுங்கள். அடுத்த நாளும் போய்க் கேளுங்கள். வீடியோ போட்டால் ஒருநாள் பேச்சு, தினமும் ஒரு ஆள் நேரில் வந்து நின்றால் அது வேறு. அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செவ்வாயிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போக வர 220 ரூபாய், இரண்டரை மணி நேரம்.

இன்று வியாழன். படகு இன்னும் சங்கிலியில்தான். குமார் தண்ணீரில்தான். கரையில் தேவி ஆகாயத்தாமரையைக் குவித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்துப் பேச என்னால் இன்னும் முடியவில்லை. குமாரின் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னிக்கு செருப்பே நுழையல சார்" என்றாள்.