வேலிக்கு அந்தப் பக்கம் பைன்

உங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் நிற்கிறது, அது இந்த மண்ணுக்குக் களை, ஆனால் போக்கிடமில்லாத ஒரு பறவை அதில்தான் சாப்பிடுகிறது என்றால், வெட்டுவீர்களா, விடுவீர்களா? சட்டென்று பதில் வந்தால் உங்களுக்கு விஷயம் புரியவில்லை என்று அர்த்தம். நான் டிகிரியே இதில்தான் வாங்கியிருக்கிறேன். எனக்கும் புரியவில்லை.

படித்து முடித்த கையோடு ஒரு சின்ன சூழலியல் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் வேலை, மெல்பர்னுக்கு வெளியே மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் சில வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் பைன் தோப்புக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவது. யாரோ எப்போதோ நட்டு மறந்த மரங்கள். தள்ளித் தள்ளி நிற்பதால் வெயில் தரைவரை இறங்கும். பைன் விதை காட்டுக்குள் பறந்துபோய் முளைத்துத் தொல்லை கொடுக்கும். ஆகவே வெட்ட வேண்டும். ஆனால் மஞ்சள் வால் கறுப்புக் கொக்கட்டூக்கள், காக்கையைவிடப் பெரிய கிளிகள், கூட்டமாக வந்து அந்தக் காய்களைத்தான் கிழித்துத் தின்கின்றன. அவை வழக்கமாகத் தின்னும் மரங்களை அழித்துத்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். ஆகவே வெட்டக் கூடாது. ஆரம்பத்திலேயே மண்டை காய்ந்துவிட்டது.

தோப்பைப் பார்க்க வசதியான கொல்லை ஓர் இலங்கைத் தம்பதியுடையது. பிள்ளைகளின் ஸ்கூல் முடிந்ததும் நகர்ப்பக்கம் கிளென் வேவர்லியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்குள்ள பிள்ளையார் கோயில் பக்கமாக வந்தவர்கள். கழுத்தில் பைனாகுலரோடு போய் நின்றேன். அங்கிள் விடவே இல்லை.

"உந்தப் பைன் எல்லாத்தையும் வெட்டச் சொல்லி எழுதும் தம்பி. கூரைப் பீலி முழுக்க ஊசியிலை. ஏணியில ஏறி ஏறி என்ர முழங்கால் போட்டுது."

"நீங்கள் ஏறினதை ஆர் கண்டது? போன கிழமையும் பக்கத்து வீட்டுப் பெடியன்தானே ஏறினவன்," என்று குசினிக்குள்ளிருந்து அன்ரியின் குரல் வந்தது.

அன்றைக்கு அமாவாசை என்பதே எனக்குத் தெரியாது. அன்ரி வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வேலிக்கட்டையில் வைத்தார். அவருடைய அண்ணா இலங்கைச் சண்டையில் காணாமல் போனவர். என்றைக்குச் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. திதி தெரியாதவருக்கு அமாவாசைதான். கிளென் வேவர்லியில் சோறு வைத்தால் எந்தப் பறவையும் எட்டிப் பார்க்காதாம். இங்கே வைத்த முதல் நாளே பைன் மேலிருந்து கறுப்பாய்ப் பெரிதாய் ஒன்று குரல் கொடுத்ததாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அன்ரி, அது காக்காவே இல்ல. சோறெல்லாம் சாப்பிடாது. பைன் காய்க்காகத்தான் வருது."

"ஓம், தெரியும். அண்ணாவும் ஒழுங்காச் சாப்பிடமாட்டார். வந்து கத்திப்போட்டுப் போவார்."

நோட்ஸில் என்ன எழுதுவது?

அடுத்த மாதம் என் மேலதிகாரி தோப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. கொக்கட்டூ வருகிறதா என்று அவர் நேரில் பார்த்த பிறகுதான் மரங்கள் நிற்குமா விழுமா என்று முடிவாகும். இதை அன்ரியிடம் உளறிவைத்தது நான்தான். நாங்கள் போய்ப் பார்த்தால், அமாவாசையும் இல்லை ஒன்றும் இல்லை, வேலி நெடுக வாழையிலை. சோறு, பருப்பு, வடை, பாயசம். பறவை வந்தால்தானே மரம் நிற்கும் என்று விடியவே எழும்பிச் சமைத்திருக்கிறார்.

பறவை வந்தது. எல்லாம் வந்தது. காக்கைகள், காக்கை மாதிரியே இருக்கும் கரவாங்குகள், கறுப்பு வெள்ளை மேக்பைகள், வடைக்கு அடிதடி. கொக்கட்டூ மட்டும் வரவில்லை.

"கண்டனீங்களோ, எவ்வளவு பறவை!" என்றார் அன்ரி. முகமெல்லாம் பூரிப்பு.

மேலதிகாரி பாயசத்தை ரசித்துக் குடித்தார். பிறகு தோப்புக்குள் போய்க் கிழிந்து கிடந்த பைன் காய்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். காரில் ஏறியதும் ஆங்கிலத்தில் சொன்னார்: கொக்கட்டூ வருவது உறுதி. கீழே கொக்கட்டூ வழக்கமாகத் தின்னும் பாங்க்ஸியா மரம் நட்டு அது காய்க்கும்வரை பெரிய பைன்களை விட்டுவைக்கலாம். ஆனால் ஒரே நிபந்தனை, சோறு வைப்பது நிற்க வேண்டும். சோற்றுக்கு வரும் காக்கையும் கரவாங்கும் தோப்பிலுள்ள சின்னக் குருவிகளின் முட்டைகளைச் சும்மா விடாது. சோறு நிற்காவிட்டால், பறவைக்காக மரத்தை வைத்திருக்கிறோம் என்று அவர் கையெழுத்துப் போடமாட்டார். மொத்தமாக வெட்டு.

"மாசத்துல ஒரே ஒரு நாள் மட்டும்னா?" என்று கேட்டேன்.

"விதியில் ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டை போட முடியாது. நீயே போய்ச் சொல்."

அதாவது, அண்ணா வந்து உட்கார மரம் வேண்டும் என்றால் அண்ணாவுக்குச் சோறு வைக்கக் கூடாது. சோறு வைத்தால் மரம் இருக்காது. மரம் போனால் அங்கிளுக்குக் கொண்டாட்டம். அவரிடம் நிபந்தனையைச் சொன்னேன். கொண்டாடவில்லை. காலடியில் கிடந்த ஊசியிலைகளைக் குனிந்து பொறுக்கினார். "இதை நான் அவவிட்டச் சொல்லமாட்டன் தம்பி. நீர்தான் சொல்லவேணும்."

மூன்று தடவை இங்கே வந்துவிட்டேன். மூன்று தடவையும் தேத்தண்ணி குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். முட்டைக்குள் இருக்கும் குருவி பெரிதா, திதி இல்லாத மனிதர் பெரிதா என்று எந்த லெக்சரிலும் யாரும் சொல்லித் தரவில்லை. திட்டத்தை இன்று மாலை அனுப்பியாக வேண்டும்.

இப்போது அவர்கள் வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். உலை கொதிக்கிறது போல, குசினி ஜன்னலில் ஆவி படிந்திருக்கிறது. இன்றைக்கு அமாவாசை.