ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டி

புதன்கிழமைக் கூட்டத்து நண்பர்களுக்கு,

நம் செல்வராசு இறந்த செய்தி வந்தபோது நான் பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். அவருடைய மைத்துனர் பேசினார். "மச்சான் தவறிட்டாருங்க. நாகுடி தாண்டி ரோட்டோரத்துல கெடந்துருக்காரு. வண்டி பக்கத்துலயே நின்னுச்சாம்." எந்த இடம் என்று கேட்டேன். அவர் சொன்ன புளியமரம் எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அதைப் பேருந்திலிருந்து பார்த்திருந்தேன்.

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகும் பேருந்தில் தினமும் வேலைக்குப் போகிறவன் நான். அன்று ஜன்னலோர இடம் கிடைத்தது. புளியமரத்தடியில் கைலி கட்டிய ஒருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் மீன் பெட்டி கட்டிய மொபெட். பெட்டி மேல் இரண்டு காக்கைகள். அந்தச் சாலையில் மீன் பெட்டி கட்டிய வண்டிகளுக்குக் குறைவில்லை என்பதால் யாரென்று யோசிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா, "விடிஞ்சதும் விடியாததுமா ஏத்திக்கிட்டு விழுந்து கெடக்குதுக பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? "திருந்தாத ஜென்மங்க" என்று என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அதைப் பார்த்த நினைவு இப்போதும் இருக்கிறது. குடித்தவன் வண்டியோடுதான் விழுவான். அது நமக்கெல்லாம் அனுபவத்தில் தெரிந்த விஷயம். நெஞ்சில் வலி எடுத்ததும் செல்வராசு ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பின்னால் எத்தனை பேருந்துகள் அந்த மரத்தைத் தாண்டிப் போயினவோ தெரியாது. கடைசியில் ஆடு மேய்க்க வந்த ஒருவர்தான் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

குடியை நிறுத்த நான் இந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்தேன் என்பதை உங்களில் பாதிப் பேரிடம் மழுப்பித்தான் சொல்லியிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அறந்தாங்கிச் சந்தைக்குப் பின்னால் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் கிடந்தேன். கண் விழித்தபோது நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இடுப்பில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. எதிரே ஒருவர் வெயிலை மறைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "மல்லாக்கக் கெடந்தீங்க, வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சுக்கிரும், அதான் திருப்பி விட்டேன். இப்ப எப்படி இருக்கீங்க சார்?" என்றார். அவர் மேல் மீன் வாடை அடித்தது. என் வீட்டிலேயே என்னை யாரும் மரியாதையாகக் கூப்பிடாத நாட்கள் அவை. அந்த 'சார்' என்னை அழ வைத்துவிட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "நானும் இப்புடிக் கெடந்தவன்தான்" என்று மட்டும் சொன்னார். அவர்தான் என்னை இங்கே அழைத்து வந்த செல்வராசு. என்னோடு உட்கார்ந்திருந்ததில் அவருடைய மீன் அன்று விற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போகிற வழியில் யார் விழுந்து கிடந்தாலும் அவர் வண்டியை நிறுத்திவிடுவார். கூப்பிட்டுப் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார், ஒருக்களித்துப் படுக்க வைப்பார், ஆள் எழும்வரை இருப்பார். "போதையில கெடக்குறவனுக்குக் காது கேக்கும் சார். போறவன் வாறவன் சொல்றதெல்லாம் உள்ள போயி அப்புடியே தங்கிரும். அதனால நல்லதா எதாச்சும் பேசிக்கிட்டே இருப்பேன்" என்பார். இந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை. புளியமரத்தடியில் கிடந்தவருக்குக் காது கேட்டுக்கொண்டிருந்திருக்குமோ என்று மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஓடும் பேருந்துக்குள் பேசியது வெளியே கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

எட்டாவது வருடம் நிறைந்தபோது அவர் வைத்த பிளக்ஸ் பேனரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், கைகூப்பிய படம். 'குடியை நிறுத்தி எட்டாம் ஆண்டு நிறைவு விழா' என்று கொட்டை எழுத்து. கீழே அவருடைய கைபேசி எண். ஊர் முக்கத்தில் அதைக் கட்டுவதற்கு முன் நம் ஒவ்வொருவரிடமும் வந்து பேனரின் அடியில் போடச் சின்னப் படம் கேட்டார். எனக்கு அலுவலகம் காரணம், இன்னொருவருக்கு மகள் கல்யாணம் காரணம். ஒருவரும் கொடுக்கவில்லை. "காது குத்துக்கு வைக்கிறாய்ங்க, சடங்குக்கு வைக்கிறாய்ங்க, செத்தாலும் வைக்கிறாய்ங்க. நான் பொழைச்சதுக்கு வைக்கக் கூடாதா சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அடியில் தலைகள் இல்லாமல் பேனரில் தனியாகவே நின்றார். அவர் மனைவி ராசாத்தி நான்கு நாள் அவரோடு பேசவில்லை. "மறந்து போயிருந்தவுகளுக்கெல்லாம் நீங்களே ஞாபகப்படுத்தி விட்டுட்டீங்க" என்பது அவருடைய வருத்தம். ஐந்தாம் நாள் ஒரு பெண் அந்த எண்ணுக்குப் பேசிவிட்டுத் தன் கணவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கணவர் இப்போது நம் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர். அந்த வாரமே ராசாத்தி கூட்டத்துக்கு ஒரு தூக்கு நிறைய கேசரி கொடுத்தனுப்பினார்.

கேத வீட்டில் நான் கேட்டதை எழுதக் கை கூசுகிறது. மருத்துவர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டார். ஆனாலும் பந்தலுக்கடியில், "பழையபடி ஆரம்பிச்சிட்டாப்லன்னு பேசிக்கிறாங்க" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். ஒன்பது வருடம் ஒருவர் நேராக நடந்து காட்டியதை ஒரு காலைப் பொழுதில் அழித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், அவர் குடிக்கவில்லை, குடிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என் குற்றத்துக்கு அது ஒரு பரிகாரம் என்று நினைத்தேனோ என்னவோ.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து ராசாத்தியிடம் உண்மையைச் சொல்லப் போனேன். பேருந்து, ஜன்னல், நான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினார்.

"நானும் ஒன்னு சொல்றேன் சார். யார்ட்டயும் சொல்லல. ஆம்புலன்சுலேருந்து எறக்குனதும், அழுகுற மாதிரி மேல விழுந்து அவுக வாயை மோந்து பாத்தேன். ஒம்பது வருசம் சுத்தமா இருந்த மனுசன். எனக்கே நம்பிக்க வரல. டீ வாடதான் அடிச்சுச்சு."

கிளம்ப எழுந்தேன். அவர் வாசல் வரை வந்தார்.

"அன்னைக்கி எல்லார்ட்டயும் குடிக்கல குடிக்கலன்னு சொன்னீங்க. நல்லதுதான். ஆனா குடிச்சே இருந்தாலும், யாராச்சும் எறங்கிப் பாத்துருக்கணும்ல சார்?"

சந்தைக்குப் பின்னால் செல்வராசு என்னைத் தொட்டபோது நான் குடித்துத்தான் கிடந்தேன் என்பது ராசாத்திக்கும் தெரியும்.

நண்பர்களே, செல்வராசு போன பிறகு நான் வைத்துக்கொண்டிருப்பது ராசாத்தியின் இந்தக் கேள்வியைத்தான். போன செவ்வாய்க்கிழமை பேருந்தில் போகும்போது வாய்க்கால் பாலத்தருகே ஒருவர் கிடப்பதைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். "தண்ணி கேஸு சார், இதுக்கெல்லாம் எறங்குனா நான் ட்ரிப் அடிக்க முடியாது" என்றார் நடத்துநர். என்னை மட்டும் இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அந்த மனிதர் நன்றாகக் குடித்திருந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, அவர் எழுந்து உட்காரும்வரை நான் அங்கேயே இருந்தேன்.