சுண்ணாம்பு, மணி, கட்டி

மெடிக்கல் கோடிங் என்பது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கு உரிய எண்ணைப் போடும் வேலை. அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு எல்லா நோய்க்கும் பெயர் தெரியும், ஒன்றுக்கும் மருந்து தெரியாது. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

லத்தீன் டீச்சர்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில் எங்கள் பயிற்சி மையம். நோய்ப் பெயர்களில் வரும் லத்தீன், கிரேக்க வேர்களை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது, மேனேஜர் என்னைக் கைகாட்டினார். நான் படித்தது விலங்கியல். எனக்குத் தெரிந்த லத்தீன், சர்ச்சில் பூசையின்போது பாடும் இரண்டு பாட்டு, அதற்கும் அர்த்தம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசரவில்லை.

“நீங்க கிறிஸ்டியன்தானே மேடம், ஈஸியா வந்துரும்.”

ஒரு கிட்னி, இரண்டு பெயர்

முதல் வாரமே சிக்கல். சிறுநீரகத்துக்கு லத்தீனில் ‘ரென்’, கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’. அது கெட்டுப்போனால் ‘ரீனல் ஃபெயிலியர்’ என்று லத்தீனில் சொல்லவேண்டும். பார்க்கப் போகும் டாக்டரோ ‘நெஃப்ராலஜிஸ்ட்’, அவர் கிரேக்கம். ஏன் இப்படி என்று வகுப்பே கேட்டது. எனக்கும் அதே சந்தேகம்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ரங்கப்ரியா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

“பெருமாளுக்கு ஆயிரம் திருநாமம் இருக்கு மிஸ், கிட்னிக்கு ரெண்டு இருந்துட்டுப் போகட்டுமே.”

வாலிலிருந்து வாசி

வார்த்தையைக் கோடு போட்டு வெட்டி, வாலிலிருந்து படிப்பது எங்கள் வழக்கம். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘ஓமா’ என்று முடிந்தால் கட்டி. ஜீயபுரத்துத் தனலட்சுமி இதில் புலி. வாழை போட்டிருக்கும் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யவேண்டியிருந்தது. அதற்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘கால்சிஃபைடு கிரானுலோமா’ என்று இருந்தது. பஸ்ஸிலேயே கோடு போட்டுவிட்டாள். ‘கால்க்ஸ்’ லத்தீனில் சுண்ணாம்பு, ‘கிரானுலம்’ சின்ன மணி, வால் கட்டி. அப்பாவோ நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். வீட்டுக்குப் போனதும் சுண்ணாம்பு டப்பாவை ஒளித்துவைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினாள். சரியாகத்தான் வெட்டியிருந்தாள். ஆனால் மூன்றையும் சேர்த்தால் புற்றுநோயா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

“அப்போ இவ்ளோ நாள் என்ன மிஸ் படிச்சோம்?”

டாக்டர் சொன்னது

அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு உறையூருக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்போதோ வந்த கிருமித்தொற்று ஆறிப்போன தழும்பு, அதில் கால்சியம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகக் கண் ஆபரேஷனுக்குப் போகலாம். ‘ஓமா’ என்று முடிவதெல்லாம் புற்றுநோய் இல்லை என்று எனக்கும் ஒரு பாடம் நடத்தினார். தனலட்சுமி ஓவென்று அழுதுவிட்டாள். உயிர் வந்த நிம்மதியில் நானும் அழுதேன்.

அவள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்போர்ட் வந்ததிலிருந்து மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை, சுண்ணாம்பு டப்பாவைக் காணோம், இப்போது முன்பின் தெரியாத டீச்சர் வேறு கண்ணைத் துடைக்கிறார். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் பக்கம் சாய்ந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணுமில்லன்னா இவங்க ஏன் சார் அழுவுறாங்க? எத்தனை நாள் இருப்பேன்னு என்கிட்டயே சொல்லிடுங்க.”

அவரை நம்பவைக்க டாக்டர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, நோயாளி முன்னால் அழாமல் இருப்பதைத்தான் எங்கள் மையத்தில் முதல் பாடமாக வைக்கவேண்டும் என்று தோன்றியது.