இரண்டு வீட்டோடு மாப்பிள்ளைகள்

என் அக்கா புருஷன் பேரைச் சொன்னால் எங்கள் தீவில் யாருக்கும் தெரியாது. ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். மின்வாரிய வேலைக்காகக் கப்பலேறி வந்த லைன்மேன், அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் மாடியறையிலேயே தங்கிவிட்டார். ஊரார் கிண்டல் செய்தால் அத்தான் சிரிப்பார். காது மட்டும் சிவந்துபோகும்.

அதே பட்டப்பெயர் ஒரு குருவிக்கும் உண்டு. அந்தக் குருவி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தீவிலும் மழை கொட்டும் ஒரே மலைச்சரிவில்தான் குடியிருப்பு. பறக்கத் தெரியும், ஆனால் மரத்துக்கு மரம் தாவுமே தவிர வெட்டவெளிக்கு வராது. ஏன் என்ற கேள்வி அத்தானைக் குடைந்துகொண்டே இருந்தது. மலைச்சாலையில் கம்பம் ஏறினால் கை வேலையில் இருக்கும், கண் குருவியிடம் இருக்கும். சாலைக்கு மேலே இருபக்கக் கிளைகளும் சேரும் ஒரே இடத்தில்தான் அது கடக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். சாலைக்கு மேல்பக்கம் கூடு, கீழ்ப்பக்கம் புழு கிடைக்கும் ஓடை.

குஞ்சு பொரித்த நேரம் பார்த்து அந்தக் கிளை கம்பியில் உரசிப் பொறி பறந்தது. வேறு வழியில்லை, வெட்டினார். வாரியத்து ஜீப் ஓட்டும் நானும் கூட இருந்தேன். அப்பன் குருவி புழுவோடு சாலையோரம் வரை வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. எதிர்ப்பக்கம் குஞ்சுகள் கத்தின. அத்தானுக்கு முகமே செத்துவிட்டது. கம்பிக்கு வெகு கீழே குறுக்காக ஒரு கயிறு கட்டினார். குருவி அதில் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி ஓடிப்போனது.

“பாலமே போட்டாச்சு, இன்னும் என்னடா வேணும்?” என்று கெஞ்சினார்.

“இதுக்கு உங்க பேரை வச்சதுல தப்பே இல்ல, அத்தான்” என்றேன் எரிச்சலில்.

அப்போதுதான் அக்கா சாப்பாட்டோடு வந்தாள். கோழி வளர்ப்பவள், அவள் கண் முதலில் வானத்துக்குத்தான் போகும்.

“பருந்து சுத்துதுங்க. காலுக்குக் கயிறு கட்டி என்ன பிரயோஜனம்? தலைக்கு மேல மறைவு வேணாமா?”

அத்தானும் வானத்தைப் பார்த்தார். பிறகு முதல் கயிற்றுக்கு மேலே இன்னொன்று கட்டி, வெட்டிப்போட்ட தழையை வரிசையாகத் தொங்கவிட்டார். குருவி வந்தது. தழையை அண்ணாந்து பார்த்தது. நிழலுக்குள்ளேயே குடுகுடுவென்று ஓடி அந்தப்பக்கம் மறைந்தது. குஞ்சுகளின் சத்தம் அடங்கியது.

“அந்த மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போயிட்டாரு. எங்க வீட்டு மாப்பிள்ளை எப்ப சாப்பிடறதா உத்தேசம்?” என்றாள் அக்கா.

அவள் வாயில் அந்தப் பெயர் வந்தது அன்றுதான் முதல்முறை. அத்தானின் காது சிவக்கவில்லை. சாலையோர மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.