பாவை மறித்த வாசல்

ஸ்டாக்ஹோமில் என் அழுக்குத் துணிக்குக்கூட முறை உண்டு. எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டிலும் வாஷிங்மெஷின் கிடையாது. கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு துவைக்கும் அறை; ட்வெட்ஸ்டூகா என்பார்கள். வந்த புதிதில், வீட்டுக்கொரு மெஷின் வைக்கத் துப்பில்லாத பணக்கார நாடு என்று கேலி பேசினேன். லிஃப்டை மூலையில் ஒளித்துவிட்டு மாடிப்படியை வெளிச்சமாக முன்னால் வைத்திருந்தார்கள். அதற்கும் சிரித்தேன். மூன்று மாடி ஏறி இறங்கி, வழியில் நாலு பேரிடம் "ஹேய்" சொல்லி, என் தொப்பை கரைந்த பிறகுதான் கட்டினவன் முட்டாள் இல்லை என்று உறைத்தது.

முட்டாள் காஞ்சிபுரத்தில் பிறந்தவன். பட்டு நெய்யும் என் அண்ணனுக்குப் புது வீட்டுக்குப் பிளான் போட்டது நான்தான். எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு எனப்படும் சேலையின் நீள இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அக்கம்பக்கத்தார் கூடி நின்று அறுந்த இழையை முடிந்து தருவார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. பாவோடு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அண்ணன் தினமும் நடந்த நடை அதுதான். உலகை அளந்து வந்த மேதாவி நான், வருஷத்தில் மூன்று வாரம் வந்து போகிற என் வாடகைக் கார் ஏறுவதற்காக, வாசலிலிருந்து தெருவுக்குள் நாலடிக்குச் சிமென்ட் சரிவு போட வைத்தேன். பாவு இழுக்க வழி போயிற்று. தெருக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. பேசாமல் பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள், அண்ணனைக் கூப்பிடாமல். இப்போது அவன் கூலிக்கு ஆள் வைத்துப் பாவு முடித்து வாங்குகிறான். தறியை விட்டால் டிவி, டிவியை விட்டால் படுக்கை. சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போகிறதாம். டாக்டர் நடக்கச் சொன்னாராம். நடக்கிறான், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தனியாக. நான் போட்ட பிளானின் லட்சணம் இது.

போன சனிக்கிழமை துவைக்கும் அறையில் இருந்தபோது அண்ணன் போன் செய்தான். எனக்கு முந்தின முறையில் துவைத்து முடித்த எதிர்வீட்டு பிரிட்டா, மடிப்பதற்குப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பாவு இழுத்த பழக்கத்தில் விறைப்பாக இழுத்தேன். விளையாடுகிறேன் என்று நினைத்து அவளும் இழுத்துச் சிரித்தாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சரிவை நாளைக்கே இடித்துவிடு என்றேன் அண்ணனிடம்.

"இடிக்கிறது ஒரு நாள் வேலைபா. சரிவு போடறதுக்கு முன்னாடி, காரு வாசலுக்கு வரலன்னு கோச்சிக்கினு லாட்ஜில போய்த் தங்குனது யாரு?"

சுருக்கென்றது. ஆட்டோவிலேயே வருகிறேன் என்றேன்.

"வந்தா காலைல தெருவில வந்து பாவு புடிப்பியா? நீ நின்னா அவங்களும் வருவாங்கபா."

பிடிக்கிறேன் என்றேன். விரிப்பின் மறுமுனையில் பிரிட்டா, இன்னும் கொஞ்சம் இழு என்று ஜாடை காட்டினாள். இழுத்தேன்.