வாய் திறக்காத மார்கழி

என் கணவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் அன்று காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், "காலங்காத்தால இன்னா இளிப்பு வேண்டிக்கீது? சாப்ட்டு எழுந்திருங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கன்னத்துச் சதை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு உதடு அப்படி நின்றுவிட்டிருந்தது. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். பல்வரிசை பிரியவே இல்லை. "வாய் தொறக்க வரல, மே" என்று பல்லுக்குள்ளேயே சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் அது. நாங்கள் திருவள்ளூரில் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் சென்ட்ரிங் வேலை (கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்துத் தருவது). அங்கேயே கொட்டகையில் தங்கிவிட்டு வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை காலை கிளம்பிப் போவார். முந்தின வாரம் வந்தபோது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. பலகை ஆணி குத்திவிட்டது என்றார். மஞ்சள் வைத்துக் கட்டினேன். புண் மேலே மூடிக்கொண்டது; நாங்கள் மறந்துபோனோம்.

அதனால் அன்று எங்களுக்குக் கால் ஞாபகமே வரவில்லை. பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் தடவினேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக் கழுத்தை நீவிவிட்டார். அதிலேயே ஒரு பகல் வீணாயிற்று. சாயங்காலம் கழுத்து திரும்பவில்லை, முதுகு பலகையாகிவிட்டது. ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கால்ல கையில எங்கயாவது காயம் பட்டுச்சா?" என்றார். நான் ஆணியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டெட்டனஸ் என்றார் (ரண ஜன்னி, காயத்தின் வழியே உள்ளே போகிற கிருமியின் விஷம் நரம்பில் ஏறி, உடம்பிலுள்ள தசைகளை எல்லாம் இறுக்கிவிடும் நோய்). மெட்ராசுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "வண்டி ஆட்டத்துலயே மூச்சு நின்னுடும்மா. இங்கயே பாப்போம். பொழைப்பாரான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க. பொங்கல் தாண்டட்டும், சொல்றேன்."

பொங்கல் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவரை அது லீவு வருகிற பண்டிகை. அன்றிலிருந்து அவர் உயிரோடு போய்ச் சேர வேண்டிய இடமாகிவிட்டது.

வார்டின் கடைசியில் பழைய சாமான்கள் போட்டிருந்த ஓர் அறையைக் காலி செய்து, ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, அதில் அவரைப் படுக்க வைத்தார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாய். அதில்தான் பால், கஞ்சித் தண்ணீர். பாதத்துப் புண்ணைக் கீறித் திறந்து வைத்தார்கள். சீரம் (குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கிற, விஷத்தை முறிக்கும் மருந்து) போட்டார்கள். பென்சிலின் ஊசி, தூக்க ஊசி. இவ்வளவுதான் அன்றைக்கு வைத்தியம். மீதி எல்லாம் இருட்டும் நிசப்தமும்தான்.

ஏனென்றால் இந்த நோய்க்குச் சத்தம் ஆகாது. கதவு இடித்தால் போதும், ஒரு டம்ளர் விழுந்தால் போதும், உடம்பு ஒரே வெட்டாக வெட்டும். தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் இருக்கும். நடுவுடம்பு மேலே வளைந்து நிற்கும். அந்த நேரத்தில் நெஞ்சுத் தசையும் இறுகுவதால் மூச்சு வராது. இத்தனையும் நடக்கும்போது நினைவு தப்பாது என்று டாக்டர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த அறைக்குக் காவல் நான். என் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே கூரைக்கடியில் மூன்று வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் நடத்திய தொண்டை அது. வீட்டிலும் எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. நான் பால்காரரோடு பேசினால் தெருவே விடிந்ததென்று எழுந்துகொள்ளும் என்று அவர் கேலி செய்வார். அப்பேர்ப்பட்டவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை, "நான் இங்கதான் இருக்கேன்" என்றுகூடச் சொல்லவில்லை. தொட்டாலும் வெட்டும் என்பதால் கையைக்கூடப் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டார். நடு வயசு, கண்டிப்பான பெண்மணி. "வளையலைக் கழட்டிடுங்க டீச்சர். மெட்டியையும். நீங்க அசையறப்பல்லாம் அவருக்கு உதறுது."

நான் படித்தவள்தான். மூடநம்பிக்கை கூடாதென்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்தான். ஆனாலும் புருஷன் இப்படிக் கிடக்கும்போது கை வளையலைக் கழற்று என்றால் மனசு ஒப்பவில்லை. கோபம்கூட வந்தது. "ஒரு கைக்குட்டைய சுத்திக்கட்டுமா சிஸ்டர்?" என்று கெஞ்சினேன். "சுத்தினா சத்தம் போயிடுமா?" என்றார். கூட்டுகிற ஆயா, உடைத்தால் சுலபம் என்றாள். அவளை ஒரு முறை முறைத்தேன். குழாயடியில் சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக உருவினேன். மெட்டியைக் கழற்றிப் பையில் போட்டேன். தாலிக் குண்டுகள் உரசாமல் இருக்கத் துணியில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். உள்ளே திரும்பிப் போனபோது நான் நடப்பது எனக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாள் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இருந்ததுதான் நேரம். விடியற்காலையில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கும். மார்கழி முழுக்கப் பாடும். நான் கோயிலுக்குப் போய்த் தர்மகர்த்தா முன்னால் நின்றேன். ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பி வைத்தார், புண்ணியவான். ஆஸ்பத்திரிக் கதவுக் கீலுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டேன். முதுகு கடுத்தது. அலுப்பில் அழுகையும் வரவில்லை. சில சமயம், இதற்கு ஒரு முடிவு வந்துவிட்டால் தேவலை என்று தோன்றும். இன்று இந்த நோயைப் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் ஏதோ ஒரு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் குறைந்துவிடவில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் பயந்துவிடாதீர்கள். அது அலுப்பின் பேச்சு. ஒருவாய் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அயர்ந்தால் அடங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் போகி என்றால் மேளம். சின்னச் சின்ன மேளத்தை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கொட்டித் தள்ளுவார்கள். மார்கழியின் அந்தக் கடைசி நாளுக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். டாக்டர் முன்கூட்டியே தூக்க ஊசியைக் கூட்டிப் போட்டார். ஜன்னலில் என் இரண்டு புடவைகளையும் மடித்து அடைத்தேன். விடிகிற நேரத்தில் மேளம் ஆரம்பித்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இமை துடித்தது, உடம்பு லேசாக இறுகிப் பிறகு தளர்ந்தது. பெரிதாக ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியதும் மேளம் ஓய்ந்தது. அப்பாடா என்று வெளியே வந்து வராந்தா சுவரில் சாய்ந்தேன்.

எதிரே என் மாமியார் வந்துகொண்டிருந்தார். திருவாலங்காட்டிலிருந்து காலை ரயிலில் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்த புதிதில் ஒருமுறை மகனைப் பார்த்துவிட்டுப் போனவர், யாரையும் விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பெரிய மகன் வீட்டிலேயே இருந்தார். பண்டிகை நாளில் மனசு கேட்காமல் கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "எம்புள்ள எப்படிக்கீறான்?" என்று கேட்க வாயெடுத்தார்.

பேசாதீர்கள் என்பதற்காக நான் உதட்டில் விரலை வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். வராந்தாவிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். "அய்யோ, எத்திராசு, பூட்டியாடா! என்ன வுட்டுட்டுப் பூட்டியாடா!"

அத்தனை நாள் கட்டி வைத்திருந்த என் வாய் அந்த நிமிஷம் அவிழ்ந்துகொண்டது. "வாய மூடு! உம்புள்ள சாவல. நீ கத்தித்தான் சாவடிக்கப் போற. எழுந்து வெளிய போ மொதல்ல!" கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்று மரியாதை குறையாமல் பேசியவள் நான். அன்று கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

உள்ளே கட்டில் இரும்பு கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது.

அதுவரை வந்ததிலேயே பெரிய வெட்டு அதுதான். முகம் கறுத்துவிட்டது. மூச்சு நின்றது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்தார். நான் கதவோரம் நின்றுகொண்டு, முடிந்தது என்றே நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொருமுறை ஏறியது.

டாக்டர் வெளியே வந்து தாழ்ந்த குரலில், "மாமியார் மருமக சண்டையெல்லாம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுக்குங்க" என்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் போனோம். சண்டை போடத் தெம்பில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கையி இப்பிடி மொட்டையா கெடந்தா நா இன்னாத்த நெனைப்பேன், சொல்லு?" நான் காரணத்தைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அத்தை, பொங்கலுக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சளில் ஒரு துண்டை முறித்து, கயிற்றில் கோத்து என் கையில் கட்டினார். "இது சத்தம் போடாது. கட்டிக்கோ." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இருவரும் சத்தமில்லாமல் அழுதோம்.

பொங்கல் தாண்டியது. வெட்டுகள் இடைவெளி விட்டு வந்தன. பிறகு வெறும் இறுக்கமாகக் குறைந்தன. ஒரு நாள் டாக்டர் ஜன்னல் துணியில் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்று அவர் சொன்னது அவ்வளவுதான். குழாயை எடுத்தார்கள். ஒரு கரண்டி நுழையும் அளவுக்கு வாய் திறந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் காலை மடக்க வரவில்லை. முன்னால் வைக்கிற பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தார். எனக்கோ வீட்டிலும் குரல் எழும்பவில்லை. பாத்திரத்தைப் பஞ்சுபோல வைத்தேன். ஒரு சாயங்காலம் அவர் கேட்டார்: "ஏன்மே குசுகுசுன்னே பேசற? எதுனா சத்தமா பேசு."

"பயமாகீது. அன்னைக்கு நான் கத்தினதுதானே உங்களுக்கு அப்படி வந்துச்சு."

தாடை இன்னும் முழுதாக விடாததால் மெதுவாகத்தான் பேசுவார்.

"எனக்கு எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்துச்சு. ஒரே இருட்டு. யாரும் தொடல. நீ ஒரு வார்த்த பேசல. நீயே பேசாம கீறன்னா, நா செத்துதான் பூட்டேன்னு நெனச்சுக்கினேன். அப்பறம் அம்மா அழுதாங்க. சரி, எடுக்கப் போறாங்கன்னு இருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நீ அம்மாவ வாய மூடுன்னியே. செத்தவன் பொண்டாட்டி மாமியார கட்டிக்கினு அழுவா, திட்டமாட்டா. அப்பதான் தெரிஞ்சுது, நா இன்னும் கீறேன்னு."

அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கள் இருவருக்கும் முடி வெளுத்துவிட்டது. அவருக்குக் காலையில் விழிப்பு எனக்கு முன்பே வந்துவிடும். மூச்சிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணைத் திறக்காமல் அசையாமல் படுத்திருப்பார். நான் எழுந்து எதையாவது சொல்ல வேண்டும். பால் வரவில்லை, கொசு கடித்தது, எதுவானாலும் போதும். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்.