நகர்த்தி வைத்த பெட்டி

முந்திய தேர்தலில் என் அம்மா ஓட்டுப் போடவில்லை. ஓட்டுச் சீட்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. எல்லாப் பெட்டிகளும் மறைப்புக்குள் வரிசையாக இருக்கும். சின்னம் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும். சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவுதான். அதில் எழுத ஒன்றுமில்லை, குத்த ஒன்றுமில்லை. எந்தப் பெட்டியில் விழுகிறதோ அவருக்கு ஓட்டு. மறைப்புக்குள் தனியாகப் போன பெண் சீட்டைப் பெட்டியில் போட்டாளா, முந்தியில் முடிந்தாளா என்று யார் பார்ப்பது? ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற, எங்கள் ஊர் ரோடு காண்ட்ராக்டரின் ஆள் அந்தச் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டான். கடைசியாக ஒருவர் மொத்தத்தையும் மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரே பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

நான் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். லீவில் வந்தபோது இதைக் கண்டு அம்மாவிடம் கோபப்பட்டேன்.

"தண்ணி நின்னா நீ வந்து எறைப்பியாத்தா?" என்றாள் அம்மா.

பூண்டிக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரில் ஓடை மடையைத் திறப்பதும் அடைப்பதும் காண்ட்ராக்டர் சொல்படிதான். எங்கள் பூண்டு வயல் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தது. அவருக்கு வருஷாவருஷம் ரோடு வேலை கிடைத்தது. ரோட்டை மழை கொண்டுபோகும். அடுத்த வருஷம் அவரே மறுபடி போடுவார். அந்த வேலையை வாங்கித் தருகிறவர்களுக்கு அவர் ஓட்டுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். எல்லாருக்கும் விதைப்பூண்டு கொடுத்து உதவுவார்.

அடுத்த தேர்தல் வந்தபோது நான் டீச்சர். இருபத்தொரு வயது முடிந்து எனக்கும் ஓட்டு வந்திருந்தது. புதிய முறை ஒன்று வருகிறது என்று கொடைக்கானலில் ஓர் அதிகாரி எங்களுக்கு விளக்கிச் சொன்னார். ஒரே சீட்டு, அதில் எல்லாப் பெயரும் சின்னமும் இருக்கும். மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, மடித்து, வெளியே மேசைமேல் இருக்கும் ஒரே பெட்டியில், எல்லாரும் பார்க்கப் போட வேண்டும்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு போடுவது மறைவில் இருந்தது. இனி போடுவது எல்லார் கண்ணிலும் படும். யாருக்கு என்பது மட்டும் மறைவில் இருக்கும். ஊரில் யாரும் திருந்தவில்லை, யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பெட்டியை நாலு முழம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முந்தியில் முடிந்துவர இனி வழியில்லை. டில்லியில் முகம் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து என் அம்மாவின் சேலை முந்தியைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று தோன்றியது.

காண்ட்ராக்டரும் யோசித்திருந்தார். தேர்தலுக்கு நாலு நாள் முன்பு எங்கள் வாசலுக்கு ஒரு தட்டில் பழனி விபூதியோடு வந்தார்.

"இந்த வாட்டி சீட்ட வெளிய கொண்டார்ற சோலி இல்ல, தங்கச்சி. நம்ம சின்னத்துல குத்துறேன்னு ஆண்டவன் துன்னூறத் தொட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "நான் தூரமா இருக்கேண்ணே. தொடக்கூடாது."

அவர் தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அது நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"சரி, தங்கச்சி. அடுத்த தண்ணி முறை ஒங்களுக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் ஓர் உருளைக்கிழங்கை வெட்டி, சாவடி முத்திரையைப் போலப் பெருக்கல் குறி செதுக்கி, மையில் தொட்டு, நோட்டுத் தாளில் குத்திக் காட்டினேன். எதிர்த்தரப்புச் சின்னத்தையும் வரைந்து, இதில்தான் குத்த வேண்டும் என்றேன்.

"கெழங்க வீணாக்காதடி," என்றாள் அம்மா. "அவரும் ஒரு சின்னத்தக் காட்டுறாரு, நீயும் ஒண்ணக் காட்டுற."

தேர்தலன்று வெள்ளனே போய் வரிசையில் நின்றோம். முன்னால் போன பெரியவர் ஒருவர் கையில் சீட்டோடு அதிகாரியிடம் சண்டைக்கு நின்றார்.

"எங்க பெட்டியக் காணோமே?"

"எல்லாருக்கும் இந்த ஒரு பெட்டிதாங்க."

"அப்ப எல்லாம் கலந்து போயிருமே?"

"கலக்கத்தாங்க வச்சிருக்கு."

வரிசையே சிரித்தது. உள்ளே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டரின் மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா மறைப்புக்குள் போனாள். நெடுநேரம் வரவில்லை. ஒரு கிழங்கை நட எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் நெடுநேரமாகத் தோன்றியது. வந்தபோது சீட்டு நாலாக மடிந்து, அவள் இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது. மைத்துனரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "எதுல குத்துனம்மா?"

"குத்துனேன்."

"அதான், எதுல?"

"பள்ளிக்கூட வாசல்ல நின்னு காண்ட்ராக்டரும் இதத்தான் கேட்டாரு. அவருக்கே சொல்லல. ஒனக்கு எதுக்கு?"

படித்த பெண்ணான எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. பத்தடி பின்தங்கி நடந்தேன். நடக்க நடக்கத்தான் புரிந்தது. மறைப்பு என்னையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தியிருந்தது.

எங்கள் ஊரில் காண்ட்ராக்டர் எதிர்பார்த்ததில் பாதி ஓட்டுகூட விழவில்லை என்று பேச்சு வந்தது. அவர் ஒவ்வொரு வீட்டு முகத்தையும் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தார். எந்த வீடு என்று தெரியாமல் எந்த மடையை அடைப்பது? ஓடையையே அடைத்தால் அவர் வயலும் காய்ந்துபோகும். ரோடு வேலை மட்டும் அந்த வருஷமும் அவருக்கே கிடைத்தது. பெட்டியை நகர்த்தியவர்களின் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

எங்கள் முறை நாளில் விடிந்ததும் அம்மா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றாள். நான் மேட்டில் நின்று பார்த்தேன். முதலில் சருகுகள் வந்தன, பின்னால் தண்ணீர் வந்தது. அம்மா வரப்பை வெட்டி அதைப் பூண்டுப் பாத்திக்குள் திருப்பினாள்.